நீலப் பட்டையும் இரும்பு ஏணியும்

அந்தப் படகு அரியாங்குப்பத்து ஆற்றோரம் ஒரு தென்னந்தோப்பில், இரும்புச் சட்டங்களின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. மணி எட்டுகூட ஆகவில்லை. நான் பிளாஸ்டிக் ஸ்டூலில் நின்றிருந்தேன். இடது கையில் சூட்டுக் காற்று அடிக்கும் ஹீட் கன், வலது கையில் கட்டர்.

படகுக்காரர் காலைப் பூசைக்குப் போயிருந்தார். காவல்காரர் டீ வாங்கப் போயிருந்தார். இருபது நிமிடத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

"பிளேடு மட்டும் வேணாம்மா." படகுக்காரர் இதை என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தார். இரண்டு தடவையும் நான் தலையாட்டியிருந்தேன்.

பிளேடை வைத்தேன்.

பள்ளி வேன்களுக்கு மஞ்சள் பட்டை ஒட்டிய கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "இத்தனை வருஷத்துல ஒரு வேலையைக்கூட நீங்க கெடுத்ததில்லையா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். சிரித்துக்கொண்டுதான் கேட்டிருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெடுத்திருக்கிறேன் அம்மா. கெடுத்தது வேலையோடு நின்றிருந்தால் அதை இங்கே எழுதவே மாட்டேன்.

கடைக்கு வந்தவர்

நெல்லித்தோப்பில் என் ஸ்டிக்கர் கடை பத்தடிக்கு எட்டடி. பைக் டேங்குக்கு நெருப்பு, ஆட்டோ முதுகில் பிள்ளைகள் பெயர், கார் கண்ணாடியில் முருகனோ மாதாவோ. மில் மூடின பிறகு வீட்டிலேயே இருந்த அப்பாவுக்குத் துணையாகத் தொடங்கிய கடை. அவர் போன பிறகு எனக்கு என்று ஆகிவிட்டது. கோணாமல் ஒட்டுவாள் என்ற பெயர் மட்டும் எனக்கு இந்தப் பக்கத்தில் உண்டு. அந்தப் பெயரை நான் கொஞ்சம் அதிகமாகவே நேசித்தேன்.

ஒரு தை மாதக் கடைசியில் அமலோர் முசியே வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் இவர்களைச் சொல்தா என்போம்; ஐயா என்பதற்குப் பதில் முசியே என்று கூப்பிடுவோம். எழுபது வயதிருக்கும். முதுகு வளையாத மனிதர். சட்டைப் பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். வெயிலில் வெந்து, ஏரித் தரை மாதிரி வெடித்திருந்த நீல ஸ்டிக்கர்.

"இந்த நீலம் கெடைக்குமா?"

"எந்த வண்டிக்கு முசியே?"

"வண்டி இல்லம்மா. பாய்மரப் படகு. ரெண்டு பக்கமும் மேல ஒரு பட்டை ஓடுது. எல்லாம் உதிர்ந்து போச்சு. புதுசு போடணும்." ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் அவர் அந்தப் படகை வாங்கியிருந்தார். சின்னப் படகுதான், ஒரு மினி பஸ் நீளம்.

"இதுக்கு முன்னாடி படகுக்கு ஒட்டியிருக்கீங்களா?"

"நெறைய" என்றேன்.

ஒரு படகைக்கூட நான் தொட்டதில்லை. பொய் அங்கேதான் தொடங்கியது.

அவர் பொறுமையாக விளக்கினார். படகின் மேல் இருப்பது பெயிண்ட் இல்லை, தோல் மாதிரி ஒரு பூச்சு. கீறல் விழுந்தால் சரிசெய்ய அதற்கென்று ஆள் தேட வேண்டும். "சூடு காட்டி மெதுவா உரிங்க. பிளேடு மட்டும் வேணாம்மா."

உரிப்பது என்றால்

ஒட்டுவது எல்லாருக்கும் தெரியும். உரிப்பதுதான் வேலை. இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஓர் ஆட்டோ நினைவுக்கு வரும்.

முதலியார்பேட்டையிலிருந்து ஒரு பெண் அந்த ஆட்டோவைத் தம்பியை ஓட்டச் சொல்லிக் கொண்டுவந்தாள். புருஷன் போய் இரண்டு மாதம். வண்டியை விற்க வேண்டும், பின்னால் இருக்கும் பெயர்களை எடுத்துவிடுங்கள் என்றாள். அவன் பெயர், அவள் பெயர், நடுவில் ஒரு ரோஜா. நான் ஹீட் கன்னைக் காட்டிக் காட்டி உரித்தேன். எழுத்துகள் போயின. ஆனால் அவை இருந்த இடத்தில் பழைய பெயிண்ட் வெயில் படாமல் புதுசாக இருந்தது. இரண்டு பெயர்களும் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தன. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்க்கா, இப்டியே விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். விற்றாளா என்று தெரியாது.

படகிலும் அப்படித்தான். ஸ்டிக்கருக்குக் கீழே பால் வெள்ளை, மற்ற இடமெல்லாம் பழுப்பு. அதனால் புதுப் பட்டை பழைய பட்டையைவிட அரை இஞ்சாவது அகலமாக இருந்தால்தான் பழைய தடம் மறையும். இது உண்மை. இந்த உண்மையை நான் எதற்குப் பயன்படுத்தினேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

கலியபெருமாள் அண்ணன்

காவல்காரர் பெயர் கலியபெருமாள். கனகசெட்டிக்குளத்துக்காரர். முப்பது வருடம் கடலுக்குப் போய், இடுப்பில் அடிபட்ட பிறகு இந்தத் தோப்பில் தகரக் கொட்டகையில் தங்கிப் படகைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருடமாக. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போவார்.

முதல் நாள் அவர் கூடவே நின்றார். டேப்பின் மறுமுனையைப் பிடித்தார், சோப்புத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தார், தங்கச்சி என்று கூப்பிட்டார். அவரும் முசியேவும் மட்டும் அந்தப் படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போவார்களாம்.

"என்ஜின் கெடையாது தங்கச்சி. பாய ஏத்திட்டா அது பாட்டுக்குப் போவும். முப்பது வருசம் கடல்ல கெடந்தவன் நான். எப்பவும் மோட்டார் சத்தம்தான் காதுல. இதுல போனப்பதான் கடலோட சத்தத்தையே கேட்டேன்."

அன்றைக்கு வடக்குப் பக்கத்தை உரித்து முடித்தேன். நாள் முழுக்க ஆனது. சூடு காட்டி, முனையைக் கிளப்பி, ஒரு சாண் உரித்து, மறுபடி சூடு காட்டி. ஒரு கீறல் இல்லை. சாயங்காலம் அண்ணன் இரும்பு ஏணியைத் தூக்கி வந்து அந்த வடக்குப் பக்கத்தில் சாத்தி, ஏறித் தார்ப்பாயைக் கட்டினார். நான் சாமான்களைப் பையில் எடுத்து வைத்தபடி அதைப் பார்த்தேன்.

பார்த்தேன் என்பதை இங்கே அழுத்தியே எழுதுகிறேன்.

இருபது நிமிடம்

இரண்டாம் நாள் தெற்குப் பக்கம். வெயில் முழுக்க விழும் பக்கம். பட்டை வெந்து படகோடு ஒன்றாகியிருந்தது. சூடு காட்டினால் நகக்கண் அளவுக்கு உதிர்ந்ததே தவிர உரியவில்லை. ஒரு மணி நேரத்தில் ஒரு முழம்கூடப் போகவில்லை. சாயங்காலத்துக்குள் ஒரு டிராவல்ஸ் வேனை முடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

அப்போதுதான் கட்டரை எடுத்தேன். பட்டையின் மேல் விளிம்பில் ஒரு கோடு, கீழ் விளிம்பில் ஒரு கோடு. நடுவில் நெம்பினால் கை நீளத்துக்குக் கழன்று வந்தது. எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. விளிம்பு ஓரமாக மயிரிழை போல இரண்டு கோடுகள் படகில் விழுவதைப் பார்த்தேன். அகலப் பட்டை போட்டால் மறைந்துவிடும் என்று கணக்குப் போட்டபடியே கடைசிவரை இழுத்தேன்.

படகின் மூக்குக்குக் கிட்டே பிளேடு துள்ளியது. ஒரு சாண் நீளத்துக்குச் சாய்வாக, ஆழமாக, கீழ்ப்பக்கம் இறங்கிவிட்டது.

எச்சிலைத் தொட்டுத் தேய்த்தேன். ஈரத்தில் காணாமல் போனது. காய்ந்ததும் திரும்பி வந்தது. எவ்வளவு அகலமான பட்டை போட்டாலும் நாலு விரல் வெளியே தெரியும்.

பூசை முடிந்து முசியேவின் வண்டி தோப்புக்குள் நுழையும் சத்தம் கேட்டது. கட்டரைப் பையின் அடியில் போட்டேன்.

"இது எதனால வந்திருக்கும்?"

முசியேவின் கண்ணுக்கு அந்தக் கீறல் உடனே பட்டது. குனிந்து விரலால் தடவினார்.

"பிளேடு போட்டீங்களா?"

"இல்லங்க முசியே. சூடு காட்டித்தான் உரிச்சேன்."

அந்த நேரம் பார்த்துக் கலியபெருமாள் அண்ணன் டீத் தூக்கோடு வந்தார்.

"நேத்து ஏணிய இங்க சாத்தினியா?"

"இல்ல முசியே. அந்தாண்ட பக்கம்தான் சாத்தினேன்."

"அப்போ இது எப்டி வந்துச்சு?"

"தெரில முசியே. நேத்து இல்ல."

முசியே என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இந்த வேலை தெரிஞ்சவங்க நீங்க. இது எதனால வந்திருக்கும்?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்தான், ஆனாலும் அதோடு நின்றிருக்கும். கோணாமல் ஒட்டுகிறவள் என்ற பெயரைத்தான் நினைத்தேன்.

"ஏணிக் கால் உரசினா இப்டி வரும் முசியே" என்றேன்.

கலியபெருமாள் அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எதையோ நினைவுபடுத்திப் பார்க்கிறவர் மாதிரி புருவத்தைச் சுருக்கினார்.

முசியே சத்தம் போடவில்லை. "கீறல் விழுந்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல பெருமாள். விழுந்துடுச்சுன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுது. பொய் சொல்ற ஆள நம்பி நான் கடலுக்குப் போக முடியாது. சாவியக் குடுத்துடு."

மத்தியானத்துக்குள் அண்ணன் கிளம்பிவிட்டார். ஒரு பை, ஒரு ரேடியோ. நான் புதுப் பட்டை ஒட்டுவதற்காகச் சோப்புத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

"தங்கச்சி, நேத்து நான் ஏணிய எந்தப் பக்கம் சாத்தினேன், நீ பாத்தியா?"

"கவனிக்கலணா."

தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

அன்று நான் ஒட்டிய பட்டைதான் என் வாழ்நாளில் ஒட்டியவற்றிலேயே நேரானது. ஒரு குமிழி இல்லை. முசியே தள்ளி நின்று பார்த்து, "திரேபியான்" என்றார். மிக நன்று என்று அர்த்தம்.

அஞ்சலாட்சி

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து மீன் வரத்து திரும்பிய சமயம். நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் நான் எப்போதாவது வாங்கும் அம்மாள் ஒருவர் உண்டு. அஞ்சலாட்சி என்று பெயர். கறாரான பெண்பிள்ளை, ஆனால் பேச்சுக்காரி. அன்றைக்கு முகம் வாடியிருந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"எனுக்கு ஒண்ணும் இல்லம்மா. வூட்டுக்காரருதான். அரியாங்குப்பத்துல ஒரு முசியேகிட்ட படகு பாத்துக்கினு இருந்தாரு. ஏதோ ஏணிய சாத்தி படகக் கீறிட்டாருன்னு அனுப்பிட்டாங்க."

சங்கராவின் செதிலைச் சீவிக்கொண்டே பேசினார். நான் பையைப் பிடித்தபடி நின்றேன். ஒரு தடவைகூட அவர் என்னை அந்தப் படகோடு சேர்த்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

"வேல போனா போவுது. இவரு இன்னாடான்னா, நான்தான் சாத்தினனோ, சாத்திட்டு மறந்துட்டனோன்னு ராவும் பகலும் அதையே கேட்டுக்கினு கெடக்குறாரு. அவங்கப்பனுக்குக் கடைசி காலத்துல நெனப்பே இல்லாம போச்சி. பெத்த புள்ளைய பாத்து யாருன்னு கேப்பாரு. அது மாதிரி தனுக்கும் வந்துடுச்சின்னு பயந்துட்டாரு. இவரு தம்பி தன் போட்டுல கூப்புடுறான், போவ மாட்டேங்குறாரு. கடல்ல போயி எதையாவது மறந்து தொலைச்சா கூட இருக்கிறவனுக்கு ஆபத்தாம்."

மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். குழம்பு வைத்தேன். சாப்பிட்டேன். இதை மறைக்க விரும்பவில்லை. சாப்பிட்டேன்.

அவர் வேலை போனதைப் பற்றி நான் அதுவரை யோசிக்காமல் இல்லை. வேறு வேலை கிடைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிவைத்திருந்தேன். ஒரு மனிதருக்குத் தன் கை செய்ததன் மேலேயே நம்பிக்கை போய்விடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அப்போதும் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். அந்த மூன்று வாரமும் அஞ்சலாட்சியிடம்தான் மீன் வாங்கினேன். பேரம் பேசுவதை நிறுத்தினேன். கொஞ்சம் நைந்த மீனையும் எடுத்துக்கொண்டேன். அவர் புருஷனை விசாரித்தேன். நல்ல பெண் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்; ஒருநாள் பையில் நாலு நெத்திலியை அதிகமாகப் போட்டுக் கொடுத்தார்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை சொன்னார்: "வியாழக்கெழம பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன். மண்டைய படம் புடிச்சிப் பாக்கணும்னு சொல்லிட்டாங்க."

மறுநாள் காலை கடையைத் திறக்கவில்லை.

முசியே வீட்டில்

முதலில் அமலோர் முசியேவிடம்தான் போனேன். அதுவும் கோழைத்தனம்தான். யாருக்குத் தீங்கு செய்தேனோ அவர் முகத்தைத் தனியாகப் பார்க்கத் தைரியமில்லை.

அவர் உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். பிளேடு, மூக்குக்கிட்டே துள்ளியது, கட்டரைப் பையில் போட்டது, ஏணி வடக்குப் பக்கம் இருந்ததைக் கண்ணால் பார்த்தது. அதற்கு முன்னால் ஒரு படகுக்கும் ஒட்டியதே இல்லை என்பதையும் சொன்னேன். அது தேவையில்லாமல் இருந்தாலும் வந்துவிட்டது.

"ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

"பேர் கெட்டுடும்னு பயந்துட்டேன் முசியே."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ஆறு வருஷம் என்கூட இருந்தவன் சொன்னான். நேத்து வந்த நீங்க சொன்னீங்க. நான் உங்களை நம்பினேன்" என்றார். குரல் கம்மியிருந்தது. "வாங்க. வண்டி எடுக்கறேன்."

காலாப்பட்டைத் தாண்டி அண்ணன் ஊருக்குப் போனோம். அந்தப் படகைப் பிற்பாடு மறுபடி கரையேற்றியதும், என் பட்டையை நானே உரித்ததும், தெரிந்த ஆள் வந்து பூச்சைச் சரிசெய்ததும், நான்கு நாள் எடுத்து மறுபடி ஒட்டியதும் எல்லாம் நடந்தன. ஆனால் இந்த வாரம் எழுத நினைத்தது அவற்றை அல்ல.

கனகசெட்டிக்குளம்

கலியபெருமாள் அண்ணன் வாசலில் வலையை மடியில் போட்டு அறுந்த கண்ணிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். முசியேவைப் பார்த்ததும் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

நான் சொல்லத் தொடங்கினேன். "அண்ணா, அன்னிக்குப் பட்டை வரல. அவசரத்துல பிளேட எடுத்தேன். கை தவறி..."

"ஏணி?" என்றார்.

"ஏணி இல்லணா. நான்தான் கீறினேன்."

"கை தவறினது இருக்கட்டும். ஏணிய நான் எங்க சாத்தினேன்?"

"அந்தாண்ட பக்கம்ணா. நீங்க சொன்ன மாதிரியே. நான் பாத்தேன்."

"இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன்.

அவர் வலையைக் கீழே போட்டார். இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். இத்தனை பெரிய சிரிப்பை நான் யாரிடமும் பார்த்ததில்லை.

"ஏ அஞ்சல! இங்க ஓடியா! நான் சாத்தலயாம்! அந்தாண்ட பக்கம்தான் சாத்தினனாம்!"

மார்க்கெட்டுக்கு அன்று போகாமல் வீட்டிலிருந்த அஞ்சலாட்சி ஈரக் கையோடு வெளியே வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "நீங்களா? எங்கம்மா இந்தப் பக்கம்?"

"அவங்ககிட்டயும் சொல்லு" என்றார் அண்ணன்.

சொன்னேன். அந்த அம்மாளின் முகம் மூடுவதைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

"மூணு வாரமா என் கையால வாங்கித் தின்னியே" என்றார். "எப்டி எறங்கிச்சு?"

அவர் உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்து வந்து முசியேவுக்குப் போட்டார். ஒன்றுதான் கொண்டுவந்தார்.

அண்ணனுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. பக்கத்து வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரைக் கூப்பிட்டார், தண்ணீர்க் குடத்தோடு போன இரண்டு பெண்களை நிறுத்தினார். "இவங்க சொல்றத கேளுங்க." மறுபடி சொன்னேன். அவர் ஒவ்வொரு தடவையும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏணி என்ற சொல் வரும்போதெல்லாம் தலையை ஆட்டினார். அந்தப் பெண்களில் ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டாள். அண்ணன் மட்டும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டுவதற்கு அவருக்கு நேரமில்லாமல் இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

முசியே அவர் கையைப் பிடித்தார். "தப்பு என்னுதும்தான் பெருமாள். மன்னிச்சிடு. திரும்பி வா."

"காவலுக்கு வரல முசியே. தம்பி போட்டுக்கு ஆள் பத்தல, இனிமே நான் போவலாம். நீ பாய் கட்ற அன்னிக்குக் கூப்புடு, வரேன்."

கிளம்பலாம் என்று முசியே எழுந்தார். நானும் வண்டிப் பக்கம் திரும்பினேன். அந்த இடத்தைவிட்டு ஓடிவிட வேண்டும் என்று மட்டும்தான் எனக்கு இருந்தது.

"தங்கச்சி" என்று அண்ணன் கூப்பிட்டார். முதன்முறையாகக் கொஞ்சம் தயங்கினார். "என் தம்பி கடலுக்குப் போயிருக்கான். ரெண்டு மணிக்குக் கரை ஏறுவான். அவன்தான் என்னை மறதிக்காரன் மறதிக்காரன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியிறான். நான் சொன்னா நம்ப மாட்டான். நீ இருந்து அவங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறியா?"

மணி பதினொன்றுகூட ஆகியிருக்கவில்லை. முசியே என்னைப் பார்த்தார். திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் வாசலுக்கு வெளியே மணலில் உட்கார்ந்தேன். போகிறவர்கள் நின்று கேட்டார்கள், பெரியவர் அவர்களுக்கு என்னைக் காட்டிச் சொன்னார். அஞ்சலாட்சி இரண்டு முறை என்னைத் தாண்டிப் போய் வந்தார். இரண்டு முறையும் அவர் காலில் ஒட்டியிருந்த மணல் என் மேல் விழுந்தது. வேண்டுமென்று செய்தாரா என்று தெரியாது.

இரண்டு மணிக்கு மேல்தான் படகுகள் வந்தன. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ஃபைபர் படகை மணலில் இழுத்தார்கள். அண்ணன் இடுப்பு வலியை மறந்து அவர்களை நோக்கி ஓடினார். தலையில் ஐஸ் பெட்டியோடு வந்த ஒருவரைத் தோளைப் பிடித்து நிறுத்தி, என்னிடம் கூட்டிவந்தார். அவர் பெட்டியைக்கூட இறக்கவில்லை.

நான் எழுந்து நின்றேன். சேலையில் இருந்த மணலைத் தட்டினேன்.

"சொல்லு தங்கச்சி" என்றார்.

சொன்னேன்.